மசினாவின் வெள்ளைக் கவுனும் நுரை வராத மெஷினும்

ஆகஸ்ட் 14, திங்கள்

பழைய வாஷிங் மெஷின் போன வாரம் செத்தது. பதினோரு வருஷம் உழைத்தது. வேறு யார் கையிலாவது இருந்திருந்தால் நாலு வருஷத்தில் போயிருக்கும், என் கையில் இருந்ததால் பதினொன்று. இன்றைக்குப் புதுசு வந்து இறங்கியது. மேலே மூடி கிடையாது. முன்னால் வட்டமாய்க் கண்ணாடிக் கதவு, கப்பல் ஜன்னல் மாதிரி.

வாங்கியது லூப்பே. பிற்காலத்தில் யார் இந்த நோட்டை எடுத்துப் படித்தாலும் புரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்: லூப்பே என் அக்கா மகள். புருஷன் ஆஸ்திரேலியாச் சுரங்கத்தில். இவளுக்கு ஆக்லாந்து விமான நிலையச் சமையல்கூடத்தில் வேலை. ஏழு வயதில் ஒரு பெண், மசினா. வீட்டில் துணி என் பொறுப்பு. வேறு யாரையும் நான் நெருங்கவிடுவதில்லை.

"மாமா, இதுல தூள் ரொம்பக் கம்மியாப் போடணுமாம். தண்ணி கொஞ்சமாத்தான் எடுக்குமாம். புஸ்தகத்தப் படிச்சுட்டுப் போடுங்க."

படிக்கிறேன் என்றேன். எங்கள் சொந்த ஊர் ஆப்பியாவில் பெரிய ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஆறு வருஷம் தலைமையில் இருந்தவன் நான். ஒரு ராஜா வந்து தங்கினார் — எந்த நாடு என்பது மறந்துவிட்டது — நான் வெளுத்த போர்வையைப் பார்த்துக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். புஸ்தகம் படித்துத்தான் துவைக்கணுமா நான்?

ஆகஸ்ட் 16, புதன்

மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மசினாவும் வந்து மடியில் ஏறிக்கொண்டாள். டிவி பார்க்கிற மாதிரி பார்த்தோம்.

நுரையே இல்லை. துணி நனைந்து சுற்றுகிறது, விழுகிறது, மறுபடி சுற்றுகிறது. இதற்குப் பெயர் துவைப்பதா? நுரை இல்லாமல் அழுக்கு எதைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்?

கராஜில் பிஸ்கட் டின் ஒன்றில் பழைய தூள் நிறைய வைத்திருக்கிறேன். எலுமிச்சை வாசனை, மூக்கில் ஏறும். ரெண்டு கப் அள்ளிப் போட்டேன். கண்ணாடி முழுக்க வெள்ளை. மசினா கை தட்டினாள்.

இதுதான் தொழில்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோயிலில் எல்லாரும் வெள்ளை உடுத்தித்தான் வருகிறார்கள். ஆனால் வெள்ளைக்குள் வெள்ளை என்று ஒன்று இருக்கிறது. டீக்கன் மனைவி ஃபுவத்தினோ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எனெலிகோ, உன் சட்டையப் பாத்தாக் கண்ணு கூசுது. போதகர் பிரசங்கத்த விட்டுட்டு உன்னையே பாக்கப்போறாரு."

"பார்க்கட்டும். அவருக்கும் துவைச்சுத் தரேன்னு சொல்லு."

அக்டோபர் எட்டாம் தேதி வெள்ளை ஞாயிறு, பிள்ளைகளின் நாள். மசினாவுக்குப் பன்னிரண்டு வசனம் கொடுத்திருக்கிறார்கள், அவள் வகுப்பில் அதுதான் நீளம். கோயில் பிறந்ததிலிருந்து இத்தனை நீளம் யாருக்கும் கொடுத்ததில்லை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். இருக்கலாம்.

ஒன்று கவனித்தேன். பிரசங்கம் நடக்கும்போது மசினா எப்போதும் என் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவாள். இன்றைக்குச் சாயவில்லை, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பெரியவளாகிறாள் போல.

செப்டம்பர் 4, திங்கள்

மசினாவின் முழங்கால் மடிப்பிலும் கை மடிப்பிலும் சிவப்புத் தடிப்பு. கழுத்திலும். மாலை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, சொர்க் சொர்க்கென்று சொறிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

லூப்பே முட்டையை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு நாயையும் தொடக்கூடாதாம். "என்ன தூள் போடுறீங்க மாமா?" என்று என்னிடமும் கேட்டாள். "நீ வாங்கினதுதான்" என்றேன். பொய் இல்லை. அதையும் போடுகிறேன்.

செப்டம்பர் 9, சனி

சூப்பர்மார்க்கெட். சோப்புத்தூள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். லூப்பே கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பொடி எழுத்தெல்லாம் படித்தாள். நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தேன்.

நாலு புட்டியில் "மென்மையான சருமத்துக்கு" என்று போட்டிருக்கிறது. ஒன்றில் ஆட்டுக்குட்டிப் படம், ஒன்றில் இறகு, ஒன்றில் தூங்குகிற குழந்தை. ஆட்டுக்குட்டிப் புட்டி லாவண்டர் தோட்டம் மாதிரி மணந்தது. அதை எடு என்றேன்.

"வாசனைதான் மாமா ஆகாது. படம் எதுவும் இல்லாத ஒண்ணு இருக்கு பாருங்க கீழ் தட்டுல. வாசனை இல்ல, சாயம் இல்ல, முன்கதவு மெஷினுக்குன்னு போட்டிருக்கு. அத எடுங்க."

வெள்ளைப் புட்டி. பார்த்தால் மருந்துக்கடைச் சாமான். முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குக்கூட ஒரு வாசனை உண்டு, இதற்கு இல்லை. மூடிக்குள் கோடு போட்டிருக்கிறது, அந்தக் கோடு வரைக்கும்தானாம். என் கட்டைவிரல் நகம் அளவு.

செப்டம்பர் 11, திங்கள்

வெள்ளைப் புட்டியைக் கோடு வரைக்கும் ஊற்றினேன். கண்ணாடிக்குள் ஓரமாய் நாலு குமிழி வந்தது, போனது. தண்ணீரைத் தண்ணீரால் கழுவுகிற மாதிரி. எடுத்து முகர்ந்தேன், துணி வாசனைதான் வந்தது. இதைப் போட்டுக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போவதா?

டின்னிலிருந்து ஒரு கப். ஒன்றே ஒன்று. லூப்பேக்குத் தெரியவேண்டியதில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

மசினாவின் படுக்கைவிரிப்பில் ரத்தப் புள்ளிகள். ஒரு கப்பில் போகவில்லை. மூன்று போட்டேன். போய்விட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

வெள்ளை ஞாயிறுக் கவுன் தைத்து வந்திருக்கிறது. லூப்பே போட்டுப் பார்க்கச் சொன்னாள். மசினா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வேணாம். வசனமும் சொல்லல."

"எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சேடி உனக்கு."

லூப்பே அடுப்படிக்குப் போனபிறகு மசினா என்னிடம் வந்தாள், ஒரு கை தூரத்தில் நின்றாள். "வெள்ளையில ரத்தம் தெரியும் தாத்தா. நின்னு சொல்லும்போது சொறியாம இருக்க முடியல. எல்லாரும் பாப்பாங்க."

நான் யார் தெரியுமா, என் கையில் எந்தக் கறையும் நிற்காது, நீ தைரியமாய்ப் போடு, நான் வெளுத்துத் தருகிறேன் என்றேன். ராஜா கதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாய் அந்த இடத்தில் சிரிப்பாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

லூப்பேக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கிளினிக் கூட்டிப்போனேன். நைரீ என்று ஒரு மாவோரி நர்ஸ், தாட்டியானவள். களிம்பு கொடுத்தாள். பாலையும் நிறுத்திவிட்டோம் என்றதற்கு முகத்தைச் சுளித்தாள்.

"வீட்ல யாரு துணி துவைக்கிறது?"

நானென்று சொல்லி, ஹோட்டல் விஷயமும் சொன்னேன். இன்றைக்கு வாயில் எட்டு வருஷம் என்று வந்துவிட்டது.

"எட்டு வருஷமா? அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம் மாமா," என்றாள். "ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க. இவ போடுற துணி, துவைச்சு மடிச்சு வச்சிருக்கிறதையே எடுத்து மெஷின்ல போடுங்க. சோப்பு எதுவும் போடாதீங்க. வெந்நீர்ல ஓடவிட்டுக் கண்ணாடியப் பாருங்க."

எதற்கு என்று கேட்டேன். பாருங்கள், தெரியும் என்றாள்.

செப்டம்பர் 20, புதன்

பார்த்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. மசினாவின் பள்ளிச் சட்டை, உள்பாவாடை, படுக்கைவிரிப்பு, எல்லாம் நான் துவைத்து நான் மடித்தது. தூள் போடும் பெட்டியைக் கழற்றிக் குழாயடியில் கழுவித்தான் மாட்டினேன். ஒரு பொட்டு சோப்பு கிடையாது.

முதல் அஞ்சு நிமிஷம் வெறும் தண்ணீர். நர்ஸுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது ஏறுகிறது. பாதிக்கு வந்தது. முழுக்க மூடியது. உள்ளே துணி சுற்றுவதே தெரியவில்லை.

யாரும் போடாத சோப்பு எங்கிருந்து வரும்? துணியிலிருந்துதான். நான் போட்டது எதுவும் போகவில்லை. இந்த மெஷின் எடுக்கிற கொஞ்சத் தண்ணீர் அதை அலசி முடிக்கவில்லை. அவ்வளவும் நூலுக்குள் உட்கார்ந்திருந்தது, அதைப் பிள்ளைக்கு உடுத்திவிட்டேன், அதன் மேல் படுக்கவைத்தேன். அவள் சொறிந்தாள், ரத்தம் வந்தது. ரத்தத்துக்கு இன்னும் மூன்று கப்.

பிறகு என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து என் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கிழவன் தோல், எருமைத் தோல். அதற்கே சுருக்கென்று இருந்தது.

பெரியவளாகிறாள் என்று எழுதியிருக்கிறேன் மேலே. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

செப்டம்பர் 21, வியாழன்

லூப்பே வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். திறந்தாள், எலுமிச்சை வாசனை அடித்தது, மூடினாள்.

"எத்தன நாளா?"

"முதல் நாள்லேருந்து."

"புதுப் புட்டி வாங்கின அப்புறமும்?"

"அப்புறமும்."

"முட்டைய நிறுத்தினேன். பால நிறுத்தினேன். நாயத் தொட்டாள்னு கையில அடிச்சேன் மாமா நான். அழுதுகிட்டே தொடல தொடலன்னு சொன்னா."

டின்னை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஹோட்டல்ல இப்படித்தான் அள்ளிப் போடுவாங்களா?"

"தெரியாது."

"தெரியாதா? ஆறு வருஷம்…"

"நாலு மாசம். வண்டி தள்ளினேன். மெஷின் பக்கம் என்னை விடல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப ராஜா?"

"ராஜா வந்தது நெஜம். தூரத்துல பார்த்தேன். தொப்பி தெரிஞ்சுது."

சிரிப்பா அழுகையா, மூக்கால் ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. பிறகு சொன்னாள், குரல் உயராமல்: "நான் துவைக்கப்போறதில்ல. கெடுத்தது நீங்க. நீங்களே சரி பண்ணுங்க. இந்த வீட்ல இருக்கிற ஒவ்வொரு துணியும். நுரை வராம நிக்கிற வரைக்கும்."

முட்டையும் பாலும் நாளையிலிருந்து உண்டு. நாயிடமும் போகலாம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

வெறும் தண்ணீர். துண்டு, விரிப்பு, தலையணை உறை, சாக்ஸ் எல்லாம். பெரிய துண்டுகள் நாலு தடவை ஓடின பிறகுதான் கண்ணாடி தெளிந்தது. மூன்று நாளில் மொத்தம் இருபத்தொரு ஓட்டம். வேறு நாளாயிருந்தால் நாற்பது என்று எழுதியிருப்பேன். இருபத்தொன்று. மழை விடாததால் கராஜ் முழுக்கக் கொடி கட்டினேன், குனிந்துதான் நடக்கவேண்டியிருந்தது.

மெஷின் கதவு ரப்பர் மடிப்பில் விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் கஞ்சி மாதிரி ஒன்று. அதையும் துடைத்தேன். புஸ்தகமும் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறான்: அதிக நுரை வந்தால் அலசல் சரியாக நடக்காது. மூன்றாம் பக்கம்.

இனிமேல் வெள்ளைப் புட்டி, கோடு வரைக்கும். அலசல் ஒரு தடவை கூட. மென்மையாக்குகிற திரவம் கிடையாது.

செப்டம்பர் 27, புதன்

ஜெபத்தில் சத்தம் இல்லை. நான்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

செப்டம்பர் 30, சனி

கை மடிப்பில் தடிப்பு அமுங்கித் தோல் உரிகிறது. கழுத்து சுத்தம். களிம்பு பாதி, என் இருபத்தொன்று பாதி.

கவுனைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாவதில் மறந்தது. நான் எடுத்துக்கொடுத்தேன். தப்பாக எடுத்துக்கொடுத்தேனாம், திட்டினாள்.

டின்னைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன், வேன் சக்கரம் கழுவ.

அக்டோபர் 7, சனி

கவுனை வெள்ளைப் புட்டியில் துவைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பழைய பளீர் இல்லை, பால் நிறம். நாளைக்கு ஃபுவத்தினோ பேத்தி பக்கத்தில்தான் இவள் நிற்கப்போகிறாள். அந்த வீட்டு வெள்ளை எனக்குத் தெரியும்.

அடுத்த தெருக் கடையில் எலுமிச்சைத் தூள் விற்கிறான். ஒரே ஒரு ஸ்பூன், ஒரே ஒரு நாளைக்கு. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

கழற்றிவிட்டேன். மத்தியானம் வெயில் வந்தது. கொடியை வெயில் பக்கம் இழுத்துக் கட்டிக் கவுனுக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 8, வெள்ளை ஞாயிறு

பன்னிரண்டு வசனமும் சொன்னாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கையும் பக்கத்தில் தொங்கியபடி, முதலிலிருந்து கடைசி வரை. ஒன்பதாவதில் ஒரு விரல் அசைந்தது. அது பயத்துக்கு. பத்தாவதுக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் ஃபுவத்தினோ. "நல்லாச் சொன்னா பிள்ள. ஆனா என்ன எனெலிகோ, இந்த வருஷம் வெள்ள கொஞ்சம் பால் கலர் அடிக்குதே. கை தளந்துபோச்சா?"

நாக்கு நுனியில் அஞ்சு பதில் வந்து நின்றது. ராஜாவும் வந்து நின்றார்.

"ஆமா," என்றேன்.

மீதியைச் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்றைக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட, பெரியவர்கள் பரிமாறவேண்டும். மசினாவுக்கு நான்தான் வைத்தேன். சேப்பங்கிழங்கு, கோழி, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலை, மூன்று தடவை ஐஸ்கிரீம். மூன்றுதான், லூப்பே சாட்சி.

மத்தியானம் சோபாவில் சாய்ந்திருந்தேன். மசினா வந்து பக்கத்தில் ஏறினாள். என் சட்டையை மூக்கால் ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் கன்னத்தை வைத்தாள்.

இடது தோள் முழுக்க எச்சிலும் ஐஸ்கிரீமும். கை மரத்துப்போய்விட்டது, இதை வலது கையால் முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணல். நாளைக்குத் துவைக்கலாம்.