சரசுவை வெளியே எடுத்த ஆட்டம்

மகள் இன்று பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பிரித்ததும் புது பிளாஸ்டிக்கின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தொலைக்காட்சிக்கு அடியில் கறுப்பாக ஒரு கேம் பெட்டியை வைத்து, வயரை மாட்டி, கண்ட்ரோலரை என் மடியில் போட்டாள்.

"கால்பந்து கேம்மா. ஆனா இதுல நம்ம உதைக்க முடியாது. டீமை நடத்தணும், அவ்வளவுதான். உங்களுக்கு போரடிக்கும்."

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள். போரடிக்குமாம்! கேட்டாயா, தோழி? உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மலாக்காவில், காஜா பேராங்கில் உன் வீட்டு முன்னறை. உன் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது அவனுடைய பழைய கேம் பெட்டியை விட்டுப் போயிருந்தான். நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாக மின்பலகைகளைச் சோதித்தவர்கள். வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி, "வா லா, ஒரு மேட்ச்" என்று நம் ஊர் 'லா'வைச் சேர்த்து நீ என்னை இழுத்துப் போன சாயங்காலம் நினைவிருக்கிறது. பந்து விளையாட்டு என்று நினைத்து எல்லாப் பொத்தானையும் அழுத்தினாய். திரையில் ஒருவனும் உதைக்கவில்லை. பெயர்களும் அம்புக்குறிகளும்தான் வந்தன.

"உதைக்க முடியாதா? அப்போ நம்ம என்ன பண்றது?" என்றாய்.

"யார் எங்க நிக்கணும்னு சொல்லணும் போல."

"அது நம்ம சூப்பர்வைசர் வேலை மாதிரி லா!" என்று கையைத் தட்டினாய்.

உங்கள் வீட்டில் எல்லாரும் மலாய்தான் பேசுவார்கள். மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்தவர்கள். கோயிலும் பூசையும் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் வேறு. உன் தமிழ் முழுக்க என்னிடமிருந்து நீ பொறுக்கி எடுத்தது. வினைச்சொல்லெல்லாம் கோணலாக விழும். "அவன் ஓடல, அவன் நடக்குது" என்று திரையைப் பார்த்துக் கத்துவாய். நான் திருத்தினால், "பந்து போகுது, நீ இலக்கணம் பேசுது" என்பாய்.

நாம் தேர்ந்தெடுத்தது கடைசிப் பிரிவில் கிடந்த ஓர் ஆங்கில ஊரின் அணி. அந்த ஊர்ப் பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை. ஆட்டக்காரர்களின் பெயரை மாற்றலாம் என்று கண்டுபிடித்த நாளில் அந்த வெள்ளைக்கார இளைஞர்கள் எல்லாரும் நம் தொழிற்சாலைப் பெண்களாகிவிட்டார்கள். கோல் காப்பவர், நம் எல்லாருக்கும் அக்காவான கக் ஜைத்தோன். நடுவில் நீ. முன்னால் கோல் அடிப்பவள் நான், சரசு! எப்போதும் தலையைக் குனிந்துகொண்டே நடக்கும் ஆயிஷாவை மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "நேத்து நீ ரெண்டு கோல் அடிச்ச", "நீ ஒரு பெனால்டியை விட்டுட்ட" என்று ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொல்வோம். கக் ஜைத்தோன் தான் விட்ட கோலுக்காக நிஜமாகவே வருத்தப்படுவார்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். தெம்பாக இருந்தால் பச்சை, களைத்தால் மஞ்சள், பிறகு சிவப்பு. நான் கோல் கணக்கை மட்டும் பார்ப்பேன். நீ அந்தக் கோட்டைப் பார்ப்பாய்.

பெண்களுக்கு ஃபுட்சால் போட்டி, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்து, என்று தொழிற்சாலையில் அறிவித்தபோது, நம் பிரிவு அணியை நடத்த யாரும் கேட்காமலே நீ கையைத் தூக்கினாய். "உனக்கு விளையாடத் தெரியுமா?" என்று யாரோ கேட்டார்கள். "தெரியாது. நடத்தத் தெரியும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் பத்துப் பெண்கள் உன் சொல்லுக்கு ஓடினார்கள். நான்தான் கேப்டன்.

இறுதி ஆட்டத்தை எப்படி மறப்பேன்? முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கிவிட்டோம். நான் ஓடினேன், கத்தினேன், எல்லாப் பந்தையும் நானே கேட்டேன். இடைவேளையில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தபோது நீ என் முன்னால் வந்து நின்றாய்.

"சரசு, கெலுவார்."

வெளியே போ என்று அர்த்தம். அது தெரிந்தும் புரியாதவளைப் போல நின்றேன்.

"என்னைய எதுக்கு? நான் கேப்டன் லா!"

"உன் தலைக்கு மேல சிவப்புக் கோடு தெரியுது."

"இது கேம் இல்ல!"

"கேம் இல்ல. அதனாலதான் பயமா இருக்குது. போ, உக்காரு."

நீ கண்ணை விலக்கவில்லை. என் இடத்துக்கு ஆயிஷாவை அனுப்பினாய். ஆயிஷாவை! கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. இனி உன் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தேன்.

பிறகுதான் பார்த்தேன். எதிரணிப் பெண்கள் மூன்று பேர் முதல் பாதி முழுக்க என்னையே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். இடதுபக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆயிஷா தலையைக் குனிந்துகொண்டே அதற்குள் புகுந்தாள். கோல்! எனக்குத் தெரியாமலே எழுந்துவிட்டேன். "ஆயிஷா, லெஃப்ட்ல போ! லெஃப்ட்ல!" என்று தொண்டை கிழியக் கத்தியது நான்தான். இன்னொரு கோலும் விழுந்தது. சமம்.

ஃபுட்சாலில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம். ஆட்டம் முடியும் நேரத்தில் என் தோளைப் பிடித்துத் தள்ளினாய். "இப்போ போ. பின்னால நில்லு. கோல் அடிக்காதே, பந்தை நிறுத்து." வாழ்நாளில் நான் பின்னால் நின்றதில்லை. வந்த பந்து என் தொடையில் அறைந்த வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே அதை முன்னால் தள்ளினேன். ஆயிஷா ஓடினாள். மூன்றாவது கோல்!

கோப்பை சின்னதுதான். அதைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் உன் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தோம். நம் ஆங்கில ஊர் அணிக்கு அந்த சீசனின் கடைசி ஆட்டம் பாக்கியிருந்தது. ஜெயித்தால் மேல் பிரிவு, இல்லாவிட்டால் இன்னொரு வருடம் கீழேதான். தங்கள் பெயர்கள் திரையில் ஓடுவதை மற்றவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். கக் ஜைத்தோன் தன் பெயரைக் கண்டதும் சோபாவிலிருந்து எழுந்து நின்றே பார்த்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கண்ட்ரோலரை என் கையில் திணித்தாய்.

"நீ செய் லா. நீதானே கேப்டன்."

பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். சரசுவின் கோடு சிவப்பாக இருந்தது. அந்த சீசனில் அதிகக் கோல் அடித்தவள் அவள்தான். "சரசுவை எடுக்காதே!" என்று அறையே அலறியது. நீ மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சரசுவை எடுத்தேன். ஆயிஷாவை உள்ளே விட்டேன்.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு கார்னர். திரையில் ஒரு தலை எல்லாத் தலைகளுக்கும் மேலே எழும்பியது. வலை அசைந்தது. கீழே பெயர் வந்தது: ஆயிஷா. நிஜ ஆயிஷா, அதுவரை நம்மிடம் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், சோபா மேலே ஏறிக் குதித்தாள். சோபாவின் கால் உடைந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். அவர் திட்டிக்கொண்டிருக்க, நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மலாயும் தமிழும் கலந்து ஏதோ சொன்னாய். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னபோது, "மறந்து போச்சு லா" என்று சிரித்தாய்.

பிறகு நீ கல்யாணம் ஆகி ஜொகூருக்குப் போனாய். பண்டிகைக்கு வருவாய், போனில் பேசுவாய். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் மலாக்காவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் தொழிற்சாலையில் நான் ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த பிரிவுத் தலைவி பதவியை, போன மாதம், புக்கிட் பாரு பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு இளம்பெண்ணுக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்தார்கள். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் கெட்டிக்காரி. கூட்டத்தில் அவள் பெயரைப் படித்ததும் முதலில் கைதட்டியது நான். சும்மா மரியாதைக்குத் தட்டிய கை இல்லை. மறுநாள் காலை அவளைத் தனியாக அழைத்து, எந்த இயந்திரம் எப்போது மக்கர் செய்யும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். என் இடத்தில் இன்னொருத்தி ஓடும்போது அவள் பெயரைச் சொல்லிக் கத்தும் சந்தோஷம் நீ எனக்குக் கொடுத்தது. அது இன்னும் குறையவில்லை.