வாய்மொழித் தேர்வு, இரண்டாம் முறை

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்கவும், எழுத ஆரம்பிக்கிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை; இந்தத் தாளிடம்தான் போலிருக்கிறது. வாயில் வராததையெல்லாம் இதன் தலையில் இறக்கப் போகிறேன்.

லாடக்காரர் பதிவுத் தேர்வின் முடிவு வந்தது. செய்முறையில் தேர்ச்சி. வாய்மொழியில் தோல்வி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று முகங்கள், இந்தப் பக்கம் நான். முதல் கேள்விக்கு "ம்" என்றேன். மற்றவற்றுக்கு அதுவும் இல்லை.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதையும் விட்டால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பதிவு மன்றத்தின் விதி. பதிவு இல்லாமல் தனியாக லாடம் அடிப்பது குற்றம்.

அப்பா சொன்னார்: "யார் காலையும் பிடிக்காம பிழைக்கட்டும்னுதானே உன்ன டிகிரி வரைக்கும் படிக்க வெச்சேன்? நீ போயி குதிரை காலப் பிடிச்சே. அதுலயும் பெயிலா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதைப் பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

இடுக்கி அக்காவிடம் சொன்னேன். என்னைப் பயிற்சிக்கு எடுத்திருக்கும் லாடக்காரி அவர். பிடித்தால் விடமாட்டார் என்பதால் லாயத்தில் வைத்த பெயர்.

"லாடம் நல்லா இருந்தாப் போதாதாக்கா?"

"போதாது. கால் சரியில்லாத குதிரையக் கொண்டாந்து நிறுத்தி 'அடி'ம்பாங்க. முடியாது, டாக்டரக் கூப்பிடுன்னு சொல்லணும். அதுக்குத்தான் அந்தத் தேர்வே. குதிரைக்குத்தான் வாயில்ல. உனக்குமா இல்ல?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

விடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சமையலறையில் ஒத்திகை. அம்மா எதிரே உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் கேட்டாள்: "ஆணி அடிச்சதும்... குதிரை... காலை இழுத்தா என்ன செய்வே?"

அம்மா முகத்தைப் பார்த்தேன். பெற்றவள் முகம். அதற்கு முன்னாலும் பேச்சு வரவில்லை. என்ன ஜென்மமடி நீ?

எரிச்சலில் ஸ்டூலைச் சாய்த்து, அதன் ஒரு காலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். லாடம் அடிக்க நிற்பது போலவே, அம்மாவுக்கு முதுகைக் காட்டி, குனிந்து. "இப்பக் கேளும்மா."

வந்தது. "அந்த ஆணிய உடனே பிடுங்கணும். கழுவி மருந்து வைக்கணும். அந்த ஓட்டையில மறுபடி ஆணி கூடாது. குதிரைக்காரர்கிட்ட அப்பவே சொல்லணும், மறைக்கக் கூடாது. நொண்டினா டாக்டர்."

அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நான் நிறுத்தவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஸ்டூலுக்கும் லாடமா? கட்டிலையும் இழுத்துட்டு வரட்டா?"

"சும்மா இருங்க. பொண்ணு பேசறா."

மார்ச் 13, வியாழன்

லாயத்திலும் கவனித்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். குனிந்து குளம்பை மடியில் ஏந்தியதும் ஆட்களின் முகங்கள் போய்விடுகின்றன, செருப்புகள்தான் மிச்சம். செருப்புகளிடம் எனக்குப் பயமில்லை.

மார்ச் 17, திங்கள்

மன்றத்தில் பயிற்சி பெறுவோருக்கு உதவும் பிரிவுக்குப் போன் செய்தேன். போனிலும் முகம் இல்லை அல்லவா? குதிரையின் காலைப் பிடித்தபடி பதில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"விதியில வாய்மொழின்னு மட்டும்தாம்மா இருக்கு. எங்க நின்னு சொல்லணும்னு இல்ல. ஆனா முடிவு தேர்வாளர்ங்க கையில. அன்னைக்கு நேர்ல கேளுங்க."

"முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களா?"

"நீங்கதாம்மா முதல்."

நேரில் கேட்க எனக்கு வாய் இருந்தால் இதை நான் ஏன் கேட்கப் போகிறேன்!

"நான் வந்து கேக்கறேன் விடு" என்றார் அக்கா. இத்தனை நாளும் எனக்காகப் பேசியது அவர்தான்.

"வேண்டாம்க்கா. நானே கேக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

மார்ச் 22, சனி

பளபளக்கும் பழுப்பு பூட்ஸ் ஒன்று வந்தது. கூடவே ஒரு செம்பழுப்புக் குதிரை. குளம்பைத் தொட்டால் சுட்டது. இடுக்கியால் லேசாக அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்தது.

"நாளைக்கு ஓடணும். சும்மா அடிச்சு விடும்மா" என்றது பூட்ஸ்.

"முடியாது சார். குளம்பு சுடுது. டாக்டர் பாக்கட்டும்."

"யாருங்க இந்தப் பொண்ணு?"

உலைப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "அவ சொன்னா சொன்னதுதான்."

பூட்ஸ் திரும்பி நடந்தது. குனிந்தபடிதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாளை தேர்வு. கேள்விகளைப் பற்றிக் கவலை இல்லை. கேட்க வேண்டிய அந்த ஒரு வாக்கியம்தான் — கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் இருந்தவளுக்கும் முகம் இருக்கிறதே.

ஏப்ரல் 2, புதன்

கேட்டுவிட்டேன். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பதிவு அட்டை வந்தது. என் பெயர், பக்கத்தில் எண். அப்பா அதைத் துடைத்துத் துடைத்து எழுத்தே அழிந்துவிடும் போலிருக்கிறது. "எப்படிங்க கிடைச்சுது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எல்லாம் காலப் பிடிச்சுத்தான்" என்றார். இந்த முறை சிரிப்பு நடுவில் நிற்கவில்லை.

தேர்வன்று நான் கேட்டதை இன்னும் எழுதவில்லை.

அதே மேசை, அதே மூன்று பேர்; வெளியே செய்முறைத் தேர்வுக்கு வந்த குதிரைகள். நடுவில் இருந்தவர் முதல் கேள்வியைக் கேட்டார். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். மூன்று ஜோடிச் செருப்புகள். ஒன்றின் வார் அவிழ்ந்திருந்தது. அவற்றிடம் கேட்டிருப்பேன். ஆனால் முடிவு செய்யப்போவது செருப்புகள் இல்லையே.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஐயா, வெளியில குதிரை நிக்குது. அதோட காலைப் பிடிச்சுக்கிட்டே பதில் சொல்லட்டுங்களா?"