வெல்லம் மடித்த தாள்

1958 நவம்பர் 11, செவ்வாய்
மூன்றாம் நாளாக மழை. போளூர்ப் பாதை முழுக்கச் சேறு. கொடைக்கானலிலிருந்து சரக்குக் குதிரை வரவில்லை. உப்பு இருக்கிறது, டீத்தூள் கொஞ்சம். பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் இல்லை. என் மூக்குக்கண்ணாடியும் கால் ஒடிந்து கொடைக்கானலில் ரிப்பேருக்குக் கிடக்கிறது.

மாலை தலையாரி வந்தார். "பாய், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாருங்க. பட்டா பொஸ்தகத்த எடுத்து வைங்க."

நம் போளூருக்கும் பக்கத்துப் பேத்துப்பாறைக்கும் சேர்த்து ஒரே போலீஸ் ஸ்டேஷன், ஒரே ஏட்டு, சுப்பையா. ரோந்து வந்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு ஊர்ப் பட்டா புத்தகத்திலும் தேதி, மணி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நம்மூர்ப் புத்தகம் என் கடையில்.

எடுத்தேன். ஐந்து தாள் இல்லை. காலையில் பழைய பேப்பர் என்று கிழித்துக் கிழித்துப் பொட்டலம் போட்டது நானேதான். யா அல்லாஹ்.

நவ. 12, புதன்
என்னால் ஏட்டுக்கு வேலை போனால்? போன மாதம் மகள் ஜமீலாவுக்கு வயிற்று வலி முற்றியபோது, டோலி தூக்க ஆள் போதாமல் தோள் கொடுத்தவர். கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரை. ஆபரேஷன் ஆகி, இன்று அவள் என்னோடு வாய்ச்சண்டை போடுகிறாள்.

வீடு வீடாகப் போனேன். கிடைத்தவை:
மல்லி மடித்தது, மணியக்காரர் வீட்டில்.
டீத்தூள் இரண்டு. ஒன்றில் கறை.
பட்டாணி ஒன்று, மாட்டுக்கொட்டகையில்.

ஐந்தாவது வெல்லம். வாங்கிய கருப்பாயி, தன் மகளைப் பார்க்கப் பேத்துப்பாறை போய்விட்டாள், வெல்லத்தோடு.

என் மனைவி ராபியா நாலையும் ஊசிநூலால் புத்தகத்தில் தைத்தாள். "கண்ணு தெரியலைன்னா என்னயக் கூப்பிட வேண்டியதுதானங்க?" கூப்பிட்டிருக்கலாம்.

நவ. 13, வியாழன்
மழை விட்டது. ஏட்டு வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"எந்தத் தாள் இல்லைங்க?"

"போன மாசத்துத் தாள்."

மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஜமீலாவத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு ரெண்டு ஊர்லயும் ரோந்துங்க. ஒண்ணுக்கும் போகல. பின்னால வந்து எழுதுறப்ப, பதட்டத்துல ரெண்டு பொஸ்தகத்துலயும் காலை பத்து மணின்னு எழுதிட்டேன். நெனச்சு நெனச்சு ஒரு வாரமாத் தூக்கமில்ல பாய்."

ஒரே மனுஷன் ஒரே மணிக்கு இரண்டு ஊரில். இன்ஸ்பெக்டர் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பாராம்.

நேற்று அந்தத் தாள் கிடைக்கட்டும் என்று துஆ. இன்று கருப்பாயி மகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று.

நவ. 14, வெள்ளி
குதிரையில் வந்தார் இன்ஸ்பெக்டர். தைத்த தாளை மோந்து பார்த்தார். "என்னய்யா, மல்லி வாசம்?"

சொன்னேன்.

"அக்டோபர் தாள் எங்க?"

"வெல்லம் மடிச்சுக் கொடுத்துட்டேங்க சார். கண்ணாடி இல்லை."

பேத்துப்பாறைப் புத்தகத்தைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். ஏட்டு முகத்தில் ரத்தமில்லை.

"சர்க்கார் பொஸ்தகத்துல வெல்லம்!" சிரித்துவிட்டார். இனிப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லி எழுதி, கையெழுத்து. போய்விட்டார்.

ஏட்டும் நானும் ஆளுக்கு இரண்டு வரக்காப்பி. அப்பாடா என்று இருந்தது. போகும்போது, "கண்ணாடிய வெரசா வாங்கிராதீங்க பாய்."

நவ. 16, ஞாயிறு
வெயில். சரக்கு வந்தது. கண்ணாடி வந்தது. பழைய பேப்பர் ஒரு கட்டு.

கருப்பாயியும் வந்தாள். மடியிலிருந்து எடுத்தாள். "நீங்க தேடுறீகன்னு சொன்னாக. எறும்பு மொய்க்காமத் தொடச்சு வச்சிருந்தேன்."

கண்ணாடி போட்டுப் படித்தேன். அக்டோபர் 21. காலை மணி 10. போளூர் அமைதி. சுப்பையா.

அந்தப் பத்து மணிக்கு அவர் தோளில் என் மகள்.

கருப்பாயிக்கு ஒரு அச்சு வெல்லம் கொடுத்தனுப்பினேன். உள்ளேயிருந்து ஜமீலா சத்தம்: "அத்தா, வெறகு ஈரம். பத்தவைக்க ஒரு பேப்பர் கொடுங்க."

கையிலிருந்ததையே கொடுத்தேன்.