மெத்தைக் கடைக்குள் நாணல் காடு

என் அன்பான எழுத்துக்காரிக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். கதை எழுத நாணல் காட்டுக்குப் போனவளும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறாயே, சேற்றுப்புண் வந்திருக்குமே, அதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

நீ அனுப்பிய புது அத்தியாயத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். அப்போதுதான் தைத்து முடித்த பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. சும்மா சாய்ந்தேன். இரண்டு பக்கம் போவதற்குள் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தையல் மெஷினுக்குக் கீழே மீன்குஞ்சுகள். பஞ்சு மூட்டைகள் மேல் கொக்குகள். சுவரெல்லாம் நாணல், காற்றடித்தால் மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக எழுகிறது. நானும் மெத்தையோடு மிதந்து போனேன். அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனால் சேற்று வாசம்கூட வந்தது. அடேயப்பா, என்ன எழுத்து உனக்கு! மெத்தை வாங்க வந்த அம்மா ஒருவர் என்னை எழுப்பவே இல்லையாம். கடைக்காரரே இப்படித் தூங்கினால் இதைவிட நல்ல மெத்தை எங்கே கிடைக்கும் என்று, நான் கண் விழித்ததும் பேரம்கூடப் பேசாமல் அதையே வாங்கிப் போனார்.

உன் அக்கா வந்திருந்தார். ஒரு மாசம் என்று சொல்லிப் போனவள் மழைக்காலம் முடிந்தும் வரவில்லையே, கதை எழுத வீட்டில் இடமா இல்லை, எல்லாம் நீங்க குடுத்த இடம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தபோது எழுதியதெல்லாம் பாதியில் நின்றது, அங்கே போன பிறகுதான் அவள் எழுத்துக்கு உயிர் வந்தது என்றேன். உண்மையும் அதுதான். என் பயமும் அதுதான்.

மகள் உன் கதையில் தன்னைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். அந்த நீர்நாய்க்குட்டி நான்தாம்பா, அதுவும் அம்மா கூப்பிட்டா வராது என்கிறாள். உன் நீர்நாய் தண்ணீரை விட்டு ஏறுவதே இல்லை, இவள் குளிக்கக் கூப்பிட்டாலும் தண்ணீர்ப் பக்கம் போவதே இல்லை. நானும் என்னைத் தேடுகிறேன். படகு இருக்கிறது, தவளை இருக்கிறது, யாரோ எறிந்துவிட்டுப் போன கிழிந்த வலைகூட இருக்கிறது. என்னைக் காணோம். போகட்டும், மெத்தைக்காரனுக்குச் சதுப்பில் என்ன வேலை!

ஆனால் கடைசிப் பக்கத்தில், நாணலுக்குள் நடந்துபோகிற உன் கதாநாயகிக்குத் திரும்பிப் போக வீடென்று ஒன்று இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. கதைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. முடிவு நன்றாக வரும்வரை இரு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. எழுதுகிற கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எங்காவது ஒரு வீடு எழுதிவிடு. அதில் நான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் மெத்தைக்காரன்