மறுமுனை பிடித்தவனுக்கு

இன்று காலை ரம்ப மேசையின் மடக்குப் பலகையின் ஓரத்தை இழைத்தேன். பத்து நாளாக விடாத மழை. பலகை ஈரம் குடித்து உப்பி, மேசையோடு உரசிக்கொண்டு, மடங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. இழைப்புளியை இரண்டு தள்ளு தள்ளியதும் சீவலிலிருந்து வாடிய தேயிலைக் கொழுந்தின் மணம் எழுந்தது. ஏழு வருஷமாகியும் அது போகவில்லை. இழைப்புளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் வெளியே போனேன்.

"என்னாங்க, கால்ல வெந்நி கொட்டிக்கிட்ட மாதிரி போறதும் வர்றதுமா?" என்றாள் உன் தங்கச்சி. என் மனைவியை நீ தங்கச்சி என்று கூப்பிட்டதால்தான் நான் உனக்கு மச்சான் ஆனேன். வேறு உறவு நமக்குக் கிடையாது.

நீ பூண்டுலோயா தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டாய் என்று கடைவீதியில் ஒருவர் சொல்லி இருபது நாளாகிறது. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொட்ட வேலை எதுவும் முடிவதில்லை. சரி, உனக்கு எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். எழுதுவதற்கும் உட்காரத்தான் வேண்டும் என்பது தாளை எடுத்த பிறகுதான் உறைத்தது.

அந்த ரம்பம் ஞாபகமிருக்கிறதா? தேயிலைப் பெட்டிக்குச் சட்டம் அறுத்துத் தேய்ந்துபோன வட்ட ரம்பம், தொழிற்சாலைக் குப்பையில் கிடந்தது. தச்சனான நான் அதைக் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொரு பல்லாக அரம் போட்டேன். தேயிலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த நீ, எங்கிருந்தோ ஒரு இரும்புச் சக்கரத்தை உருட்டி வந்தாய். லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், நாங்கள் சமைக்கும் எட்டடி இஸ்தோப்புத் திண்ணையில் மேசையைப் போட்டு இரண்டையும் பூட்டினோம். நான் காலால் மிதிப்பேன், தோல்வார் ரம்பத்தைச் சுழற்றும். மேசையோ இரண்டடி. நீளப் பலகை பாதி தாண்டியதும் மறுமுனை தொங்கி, ரம்பம் கவ்விக்கொண்டு நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கம், எங்கள் சமையல் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ நிற்பாய். கையை நீட்டி வைத்துக்கொண்டு "வரட்டும், வரட்டும்" என்பாய். பிடித்துவிட்ட பிறகும் சொல்வாய், வாய் சும்மா இருக்காது.

உன் தங்கச்சிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர் ஊறும் தரையில் பிள்ளை பெறக் கூடாது, கட்டில் செய் என்று சொன்னவனே நீதான். ஆறடிச் சட்டம் அறுக்க வேண்டிய நேரத்தில் உன் வேலை நேரம் மாறிவிட்டது. நீ நின்ற இடத்தில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

"பெரிய மேசையாவே போட்டுடுவோம்" என்றேன்.

"போட்டுட்டு? தங்கச்சி ஒல வைக்கிறது எங்க, ஒன் தலையிலயா?"

நீ கரிக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினாய். மேசையின் பின்விளிம்பில் இரண்டு கீல். தூக்கினால் பலகை மூன்றடி நீளும், விட்டால் மேசை முதுகோடு ஒட்டித் தொங்கும். தரை மேடும் பள்ளமும் என்பதால் அதற்குத் தனிக் கால் வேண்டாம், மேசைக்காலிலிருந்தே சாய்வாக ஒரு முட்டுக்கட்டை போதும். பழைய பலகையில் செய்து பார்த்தபோது நான் மேசையையும் பலகையையும் ஒரே மட்டமாக வைத்தேன். அறுபட்டு வந்த சட்டம் அதன் விளிம்பில் முட்டி நின்றது. நீ தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு தீக்குச்சி கனம் எறக்குடா" என்றாய். இறக்கியதும் வழுக்கிக்கொண்டு போனது.

இதோடு நின்றிருந்தால் நீ இன்றும் டிரையர் அடுப்பைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாய்.

நல்ல பலகை கிடைக்கவில்லை. கிடைத்தது, தேயிலைக்கு நிழலாக நின்று அந்த வாரம் வெட்டப்பட்ட பச்சைச் சவுக்கு. ஈரத்தோடு அடித்தால் வளையும். கொழுந்து வாட்டும் மாடியில் நாள் முழுக்கச் சூடான காற்று ஓடுகிறது, அங்கே தட்டுகளைப் பழுது பார்ப்பவன் நான், மாடிச் சாவி என்னிடம். பிறகென்ன, மூலையில் நான்கு நாள் சாத்தி வைப்போம் என்றேன்.

"வேணாம் மச்சான். கொழுந்துக்கு நம்மள விட மூக்கு ஜாஸ்தி. மர வாடைய இழுத்துக்கும்."

"ரெண்டு பலகைடா. ஒண்ணும் ஆவாது."

நாள் நெருங்குகிறது என்ற அவசரம் எனக்கு. நானே வைத்தேன்.

நான்காம் நாள், தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துத் துப்பினார். அத்தனை நாள் தேயிலையும் பச்சை மரமாக மணத்தது. தேடியதில் மாடி மூலையில் பலகை அகப்பட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, துரை கேட்டார்: "யாரு பலகை வச்சது?" வேலை போனால் காம்பராவும் போகும். எனக்கு உன் தங்கச்சியின் வயிறுதான் கண்ணில் நின்றது. வாயைத் திறக்க ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சுக்குள் நீ முன்னால் போய் நின்றுவிட்டாய்.

"நான்தாங்க தொரை."

இழுத்த மூச்சை விட்டேன், மச்சான். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, சனிக்கிழமைக்குள் போ என்றார்கள். சனிக்கிழமை காலை நீ அந்த இரண்டு பலகையையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். "தூக்கி எறிஞ்சிட்டாங்க. காஞ்சிருக்கு பாரு, முறுக்கே இல்ல" என்று தட்டிக் காட்டினாய். இரண்டையும் சேர்த்து, கீல் வைத்து, திருகாணி முடுக்கி, தூக்கி இறக்கிப் பார்த்தாய். நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் "அந்தத் திருகாணிய எடு" என்றாய். பிறகு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாய். கட்டில் சட்டத்தைத் தனியாக அறுத்தேன். பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டிலில் மகள் பிறந்தாள்.

ஒரு வருஷம் கழித்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றே பூண்டுலோயாவுக்கு வந்தேன். சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து எந்தத் தொழிற்சாலையும் உன்னைச் சேர்க்கவில்லை. மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தாய். கை முழுக்கக் கீறல். நீ முதலில் கேட்டது, "பலகை வளையலியே?" என்றுதான். அதைப் பற்றியே பேசி, அதைப் பற்றியே சிரித்து, என்னை வண்டி ஏற்றிவிட்டாய்.

போன வாரம் டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது முடி நரைத்துவிட்டது. "அண்டைக்குப் பலகை வச்சது நான்தாங்க" என்று அவர் பாஷையும் என் பாஷையும் கலந்து உளறினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எனக்குத் தெரியும். மாடித் திறப்பு உன்னட்டத்தானே இருந்தது? துரைக்கு ஒரு ஆள் வேணும். அவன் வந்து நிண்டான். இப்ப ஏன் வந்து சொல்லுறாய்?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏழு வருஷம் பொத்தி வைத்தது, அங்கே யாருக்கும் தேவைப்படாத விஷயமாக இருந்தது. அதனால் நெஞ்சுப் பாரம் இறங்குவதற்குப் பதில் இன்னும் ஏறிக்கொண்டது.

இன்று இழைத்து முடித்துப் பலகையைத் தூக்கினேன். ஒரு சட்டத்தை வைத்து மிதித்தேன். அது அறுபட்டுப் போய் மறுபக்கம் ஏறியபோது என்னையறியாமல் "வரட்டும், வரட்டும்" என்றிருக்கிறேன்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் உன் தங்கச்சி.

சக்கரத்தை நிறுத்தினேன். ஏழு வருஷமாக அவளும் நீ செய்த தப்பு என்றே நம்பியிருந்தாள். "இந்தப் பலகைய மாடியில வச்சது நான். அவன் இல்ல" என்றேன்.

நான் எதிர்பார்த்தது திட்டு. அவள் பலகையின் கீலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு அண்ணன் வந்து இத மாட்டிக்கிட்டு இருந்தப்ப," என்றாள், "என் புருசன் வேலைக்கும் ஒல வைக்கப் பாத்த ஆளுன்னு, மூஞ்சியக் குடுத்துக்கூடப் பேசல. ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கல நான்."

பிறகு, "மடக்குங்க. அடுப்புப் பத்த வைக்கணும்" என்றாள்.

மடக்கினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கேத்தலை வைத்தாள், தோள் குலுங்கியது. அவளையும் உனக்குக் கெட்டவளாக்கி வைத்தவன் நான். இதை இனி இரண்டு பேராகச் சுமக்க வேண்டும். உன்னிடம் கொண்டுவந்து இறக்கி வைக்க வழியில்லை.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மச்சான். பலகை வளையவில்லை. தீக்குச்சியை வைத்துப் பார்த்தேன், அதே கனம்தான்.