பதினெட்டுக் கட்டங்களில் அடங்காதவர்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. என் தகவல் தொகுப்பைச் சங்கம் அழித்துவிட்டது. வேறு எதையும் எழுதும் முன் இதை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் காணாமல் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. காணாமல் போகவில்லை. அழித்தார்கள். சொன்னவர் மில் தொழிலாளர் சங்கத் தலைவர் பரசுராமன். செய்தவன் அவர் அக்கா மகன் வினோத்.

ஆறு வருட வேலை. மில் மூடிய பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. நானூற்றுப் பதினொரு பேர். கணினிக்குள் ஆளுக்கு ஒரு தாள். ஒருவருக்கு மூன்று வரி, இன்னொருவருக்கு நாற்பது. எல்லோருக்கும் ஒரே கட்டம் போட்டு அடைக்க வேண்டியதில்லை. அவரவரிடம் என்ன இருக்கிறதோ அது அவரவர் தாளில். ஆவணத் தரவுத்தளம் என்று பெயர். அறுபத்தொன்றாவது வயதில் வீடியோ பார்த்து நானே கற்றது. யாரும் சொல்லித் தரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அரசாங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று போன வாரம் மடிக்கணினியைக் கேட்டார்கள். கொடுத்தேன். சனிக்கிழமை திரும்பி வந்தது. நேற்று திறந்தால் பதினெட்டுக் கட்டத்தில் ஓர் அட்டவணை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ரேஷன் அட்டை, முகவரி, போன் என்று போகிறது. பட்டப்பெயர் இல்லை. யார் பக்கத்தில் யார் நின்றார் என்பது இல்லை. யார் டோக்கனில் யார் வேலை செய்தார் என்பது இல்லை.

வினோத்துக்குப் போன் போட்டேன். "கட்டத்துல அடங்காததெல்லாம் எடுத்துட்டேன் பெரிம்மா. பழசு கெடந்தா ஸ்லோ ஆவும்னு ஃபார்மட்டும் பண்ணிட்டேன். இப்ப பாருங்க, இன்னா வேகமா ஓடுது."

ஓடுகிறது. மூட்டையை இறக்கிவிட்டு ஓடுகிற வண்டி.

வெள்ளி 14, காலை பத்து மணிக்கு மருத்துவக் குழு. பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் தருகிறார்கள். தம்பி ஞானவேலின் (இனி ஞா.) விண்ணப்பமும் உண்டு. பஞ்சுப் பொதி உடைக்கிற புளோரூமில் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் கூட நின்ற இரண்டு பேர் நேரில் வந்து சொல்ல வேண்டும். ஞா. நிரந்தரத் தொழிலாளி இல்லை, பதிலி. வராத ஆளின் டோக்கனை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவன். பதினான்கு வருடம் அப்படி. மில் பதிவேட்டில் ஒரு நாள்கூட அவன் பெயர் கிடையாது. அவன் அங்கே நின்றான் என்பது என் தாள்களில் மட்டும்தான் இருந்தது.

பால் வாங்கவில்லை.

நவம்பர் 5, புதன்

தூறல். ஞா. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி. படுத்தால் மூச்சு வாங்குகிறது. கூட நின்றவர்கள் பெயரைக் கேட்டேன். உடனே சொன்னான்:

கட்டெறும்பு
தபால்
பாதிரி
ஒத்தக்காது

நிஜப் பெயர்?

"எனக்கு இன்னாக்கா தெரியும்? கூப்ட்டா திரும்புவான். அது போதாதா?"

மில்லில் அப்படித்தான். மிஷின் சத்தத்தில் முருகன் என்று கத்தினால் ஏழு பேர் திரும்புவார்கள். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். இருபது வருடம் பக்கத்தில் நின்றவனின் நிஜப் பெயர் கல்யாணப் பத்திரிகையில்தான் தெரியவரும். ஞா.வுக்குச் சுண்டெலி. எனக்குப் பூட்டு. காரணம் எழுத வேண்டியதில்லை.

என் தொகுப்பில் 'ஒத்தக்காது' என்று தட்டினால் வந்துவிடும். ஊர், தெரு, மனைவி பெயர், எந்த ஷிப்டு, இப்போது யார் வீட்டில் இருக்கிறார் என்பதுவரை. இப்போது தட்டினால் ஒன்றுமில்லை என்கிறது. மரியாதையாகச் சொல்கிறது.

நவம்பர் 6, வியாழன்

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை.

என்னிடம் நகல் இருந்தது. மடிக்கணினியில் செருகுகிற சின்னப் பெட்டி, அரிசி டின்னுக்குப் பின்னால். ஞாயிறுதோறும் நகல் எடுப்பேன். இந்த ஞாயிறும் எடுத்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே. பழைய நகலை முதலில் அழித்துவிட்டு, பிறகு புதியதை வைப்பது என் வழக்கம். இப்போது பெட்டியிலும் அதே பதினெட்டுக் கட்டம்.

வினோத்திடம் இன்று போனில் அதைச் சொன்னேன். "பழசையும் புதுசையும் ரெண்டையுமே வெச்சிருப்பாங்களே பெரிம்மா. எல்லாரும் அப்பிடித்தானே செய்வாங்க" என்றான்.

எல்லாரும் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றார்களா? நாற்பதாம் நம்பர் நூலும் அறுபதாம் நம்பர் நூலும் ஒரே கூடையில் கிடந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஷிப்டு மாறும்போது பழைய லாட்டில் ஒரு நூல்கண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. துடைத்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். அந்தக் கை இது. நல்ல கை என்று மேஸ்திரியிடம் பெயர் வாங்கிய கை.

ஆக, அழித்ததில் அவர்கள் பாதி, நான் பாதி. இதைப் பரசுராமனிடம் சொல்ல மாட்டேன்.

ஞா.விடமும் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

வினோத் வந்து மடிக்கணினியையும் பெட்டியையும் பார்த்தான். அழித்த இடத்தின்மேல் புதியதை எழுதியாகிவிட்டது, மீட்பது கஷ்டம் என்றான். தட்டாஞ்சாவடியில் ஒரு கடையில் பார்ப்பார்களாம். பெட்டியை எடுத்துப் போனான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, கட்டம் போட்டால்தான் அதிகாரிகள் வாங்குவார்கள் என்று மாமா சொன்னார், நான் யோசிக்கவில்லை என்றான். அழப் போகிறவன் மாதிரி இருந்தான். டீ கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். இந்த மாதிரித் தொகுப்பை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அவ்வப்போது எழுதி வைத்தவை:

- சாட்சி தேடுவது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பற்றிச் சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. (செய்தேன். பலருக்குப் பயன்பட்டது.)
- யார் எங்கே நின்றார், யாருக்கு இருமல். பிரிவு வாரியாக.
- பக்கத்து வீட்டு மீன்காரம்மாவுக்கு: ஒரு மீனுக்கு ஒரு தாள். எந்தக் காற்றில் வரும், யார் எப்படி அரியச் சொல்வார்கள்.
- செத்தவர்களின் செருப்பு, கண்ணாடி, ஊன்றுகோல் யாருக்குப் பொருந்தும். (ஞா. சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல யோசனை.)
- ஞா. மூச்சு. நாளுக்கு ஒரு தாள். அன்றைக்கு என்ன நடந்ததோ அது மட்டும்: மழை, தாளிப்பு, கொசுவத்தி, கோபம்.

கடைசியைப் பதினொரு மாதம் செய்தேன். அதில்தான் கண்டுபிடித்தேன், தெருக்கோடி மெத்தைக்கடையில் பஞ்சு அடிக்கிற நாளில்தான் அவனுக்கு மோசம். இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றாத விஷயம். ஜன்னலை மூட ஆரம்பித்தோம். அந்தத் தாள்களும் போயின.

ஆனால் ஜன்னல் மூடித்தான் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அட்டவணையில் மிச்சம் இருப்பது போன் எண்கள். முதல் எண்ணிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். ஒரே கேள்வி: மில்லில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? வருகிற பதிலைப் புதிய தாளில் போடுகிறேன். இன்று அறுபத்திரண்டு பேர்.

பாதி எண் வேலை செய்யவில்லை. இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், அதெல்லாம் இப்போது சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார். பிறகு மொட்டைமாடிக்குப் போய் அவரே கூப்பிட்டுச் சொன்னார். எழுதிக்கொண்டேன். இங்கே எழுத மாட்டேன்.

ஓர் எண்ணில் ஒரு பெண். "அப்பா போயி ரெண்டு வருஷம் ஆவுதும்மா. அவரை இன்னான்னு கூப்புடுவாங்க? எங்களுக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்றீங்களா?"

எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு எழுதியது. இப்போது நினைவில் மோர் மட்டும்.

தபால் இறந்துவிட்டார். இது அவர் தம்பி சொன்னது.

நவம்பர் 10, திங்கள்

கட்டெறும்பு கிடைத்துவிட்டார். நூற்று நாற்பதாவது போன். நிஜப் பெயர் ஏழுமலை. இருப்பது இதே முத்தியால்பேட்டையில், நான்கு தெரு தள்ளி. ஆறு வருடமாக அதே கடையில் எனக்குப் பின்னால் நின்று எண்ணெய் வாங்குகிறார். அவர் தாளையும் நான்தான் எழுதினேன், பட்டப்பெயர்தான் நினைவில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். "சுண்டெலியா? இன்னும் உசுரோட இருக்கானா? அவனுக்கு முன்னாடி நான் பூடுவேன்னு பந்தயம் கட்டினானே."

ஒருவர் ஆயிற்று. இன்னொருவர் வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

சங்க அலுவலகம். பரசுராமன் (ப.) நாற்காலியில். எனக்கு ஸ்டூல். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், குழுவிடம் காட்ட வேண்டும் என்றேன். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார். நானூறு பேருக்கு நல்லது நடக்கும்போது நாலு பதிலியைப் பற்றிப் பேசலாமா என்றார்.

நாலு இல்லை, எழுபதுக்கு மேல், என்று சொன்னேன். எங்கே காட்டு என்றார். காட்டத்தான் முடியவில்லையே.

"ஒரு காப்பி குடு கஸ்தூரி, சங்கத்துல வெக்கிறேன்னு எத்தினி வாட்டி கேட்டேன்? பூட்டு போட்டு வெச்சது நீ."

எழுந்து வந்தேன். கேட்டது உண்மை. மூன்று முறை. கொடுத்திருந்தால் அதையும் பதினெட்டுக் கட்டத்தில் அடைத்திருப்பார், அதுவும் உண்மை.

திரும்பும்போது ஆட்டோ இல்லை. நடந்ததில் முழங்கால் வலி.

நவம்பர் 12, புதன்

பாதிரியைக் கண்டுபிடித்துவிட்டேன். சவரிமுத்து. ரெட்டியார்பாளையம், மகன் கட்டிய வீடு. பேருந்தில் போனேன். அவருக்கும் இருமல். அவர் மனைவி வாசலிலேயே, ரொம்ப நேரம் பேச வைக்காதீங்க என்றார்.

ஞா. பெயர் சொன்னேன், தெரியவில்லை. சுண்டெலி என்றேன். முகம் மாறியது.

"என் டோக்கனைத்தானே மாட்டிக்கினு போவான். வாரத்துல மூணு நாளு அவன்தான் நானு."

அப்போது இவர் மார்க்கெட்டில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தாராம். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சவரிமுத்துவும் அதே குழுவின் முன் விண்ணப்பம் போட்டிருக்கிறார். மூன்று நாள் உள்ளே நின்றவன் சுண்டெலி என்று இவர் சொன்னால், அந்த நாட்களில் இவர் புளோரூமில் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகும்.

மனைவி சொன்னார்: "அவருக்கும் மூச்சு வேணும்மா."

அங்கேயே எழுந்து வந்திருந்தால் நல்லவள். நான் வரவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தேன். காபி ஆறியது. கடைசியில் கேட்டேன்: மற்ற மூன்று நாள் நீங்கள்தானே நின்றீர்கள்? அது பொய் இல்லையே? இரண்டு பேர் நுரையீரலிலும் இருப்பது அதே பஞ்சுதானே?

சவரிமுத்து சுவரைப் பார்த்தார். நாளைக்குச் சொல்றேன் என்றார்.

பேருந்தில் வரும்போது தோன்றியது. அட்டவணையில் சவரிமுத்துவின் டோக்கன் 217 என்றால் ஒரு பெயர்தான் அடங்கும். அவனா இவனா என்று அடித்துக்கொள்ள வேண்டியதுதான். தாளை ஆளுக்கு ஒன்று என்று போடாமல் டோக்கனுக்கு ஒன்று என்று போட்டால்? டோக்கன் 217 ஒரு தாள். அதற்குள் இரண்டு ஆள். ஒவ்வொரு ஆளுக்கும் கீழே அவன் நின்ற கிழமை, ஷிப்டு, கூட யார், எப்போதிலிருந்து இருமல். யாரும் யாரையும் வெளியே தள்ள வேண்டாம்.

இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு வருடம் ஆளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் ஞா.வுக்கு உதடு நீலம் பாரித்தது. மருந்து உறிஞ்ச வைத்ததும் பத்து நிமிடத்தில் தெளிந்தான். ஆஸ்பத்திரி வேண்டாம், போனால் நாளைக்கு விட மாட்டார்கள் என்றான். சரியாகத்தான் சொன்னான். பாவி.

217ஐத் தட்டச்சு செய்து, அச்சடித்து, மூன்று நகல். ஏழுமலை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ரெட்டியார்பாளையத்துக்கு நகலைப் போனில் அனுப்பினேன். பார்த்ததாக நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

வினோத்: பெட்டியில் ஒன்றும் மீளவில்லையாம். ஆனால் அழித்தது தான்தான் என்று குழுவிடம் வந்து சொல்கிறானாம். மாமா அடிப்பாரே என்றேன். அடிக்கட்டும் பெரிம்மா என்றான்.

நாளைக்குச் செய்ய வேண்டியது:

பரசுராமன்: அழித்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒன்பது மணிக்குள். இல்லையென்றால் குழுவின் முன்னால் அவர் பெயரைச் சொல்வேன்.

வினோத்: எட்டரைக்கு ஆட்டோ. மாடிப்படி ஏறும்போது ஞா.வைத் தாங்குவது. பிறகு, உண்மை.

ஏழுமலை: பல் செட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டும். சொல்வது புரிய வேண்டும்.

மருத்துவக் குழு: ஒரு டோக்கனில் இரண்டு ஆள் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் இயந்திரம் தர வேண்டும். பதினெட்டுக் கட்டத் தாளை நீட்டினால் வாங்க மாட்டேன்.

நான்: நகலைப் பற்றி ஞா.விடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். மிச்சம் இருநூற்று ஏழு போன்.

சவரிமுத்து: வர வேண்டும். வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, ஆனால் படுவேன்.

ஞானவேல்: காலை பத்து மணி வரை மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறு ஒரு வேலையும் அவனுக்கு வைக்கவில்லை.