கண் திறக்காத குதிரை

வான்கூவர்
3 செப்டம்பர் 2006

அன்புள்ள துர்காவுக்கு,

நீ செய்த மண்குதிரை பத்திரமாக வந்து சேர்ந்தது. காது நுனிகூட உடையவில்லை. பூர்வகுடிகளின் கலைகளையும் நம்முடையது போன்ற ஊர்க்கலைகளையும் காட்சிக்கு வைக்கக் கற்றுத்தரும் படிப்பு என்னுடையது. நவம்பர் 10 கண்காட்சிதான் பரீட்சை. உன் குதிரைக்கு நடு இடம்! கண் வைக்காமல் விட்டது என்ன அழகு! ‘பார்வையை உள்ளே திருப்பிய குதிரை’ என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் தோழி,
நெல்லித்தோப்பு அமேலி


உழவர்கரை
20 செப்டம்பர் 2006

அமேலிக்கு துர்கா எழுதுவது.

உன் விளக்கத்தைச் சூளையடியில் என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். “உள்ள பாக்குதாமா? வெளிய பாக்கவே இன்னும் கண்ணு வெக்கலியே!” என்று விறகைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஏண்டி, உன் அறைக்கு என்றுதானே கேட்டாய்? வீட்டுக்குப் போகும் குதிரைக்கு நாங்கள் கண் திறப்பதில்லை. நாலு பேர் பார்க்க நிற்கும் குதிரைக்கு, அது நிற்கும் இடத்தில், செய்த கைதான் கண் திறக்கும். அதுவரை அது வெறும் மண். சபையில் வைக்காதே. கோபமில்லை. ஆனால் கூடாது.

துர்கா


வான்கூவர்
6 அக்டோபர் 2006

அன்புள்ள துர்காவுக்கு,

அறைக்கென்று வாங்கிவிட்டுச் சபைக்கு எடுத்தது என் தப்பு. உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “செய்தவர் வேண்டாமென்றால் வேண்டாம். இந்தப் படிப்பே அதற்குத்தான்” என்றார். செய்தவரை அழைத்துவரப் பல்கலைக்கழகமே விமானச் சீட்டுத் தருமாம். வருகிறாயா? மண்குதிரையை நம்பிப் பரீட்சையில் இறங்கிவிட்டேன்!

அமேலி


உழவர்கரை
21 அக்டோபர் 2006

அமேலி,

என்னிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, பொழுதும் இல்லை. தைக்குள் கோயிலுக்கு ஏழு குதிரை முடிக்க வேண்டும். வேறு ஏதாவது வைத்துத் தேறிவிடு.

துர்கா


வான்கூவர்
12 நவம்பர் 2006

துர்கா,

தேறிவிட்டேன்! குதிரை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் காலி மேடை, அதன்மேல் உன் செப்டம்பர் கடிதம், பக்கத்தில் மொழிபெயர்ப்பு. கூட்டமெல்லாம் அங்கேதான் நின்றது. கண்காட்சியும் உனக்கான அழைப்பும் மே மாதம் வரை உண்டாம்.

அமேலி


உழவர்கரை
28 நவம்பர் 2006

அமேலிக்கு,

ரொம்ப சந்தோஷம். உன் அப்பா லுயீஸ் மாமா தெரு முழுக்கக் கேக் கொடுத்துவிட்டார்.

அது கிடக்கட்டும். கடிதத்தை எழுதியதும் இந்தக் கைதான். அதைச் சபையில் வைக்க யாரைக் கேட்டாய்? உன்னைத் தனியே விட்டால் சரிப்படாது. இன்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாசி மகம் முடிந்ததும் புறப்படுகிறேன்.

கண் திறக்கும் முன் அந்த மண்ணுக்காரர்களிடம் உத்தரவு வாங்க வேண்டும். பேராசிரியரம்மாவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் விட்டால் மறந்துவிடுவாய்.

துர்கா